பகல் குளிசை, இரவுக் குளிசை

சிட்னியில், பென்டில் ஹில்லில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய தராசு தரையோடு கிடக்கும். இலங்கைக்குக் கப்பலில் பொதி அனுப்புகிறவர்கள் பால்மா, சவர்க்காரம், பழைய உடுப்பு என்று பெட்டி கட்டிக்கொண்டு வந்து அதில் நிறுப்பார்கள். நான் என் எடையைப் பார்த்ததும் அதில்தான். தராசு வாங்கி வைக்கும் அளவுக்கு நான் எந்த வீட்டிலும் நிலைத்து இருந்ததில்லை.

கடைக்காரர் கல்முனைப் பக்கத்து முஸ்லிம். நான் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். ஒரு நாள் நான் ஏறி நின்றதும் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு இலக்கத்தைப் பார்த்தார்.

“நூத்தி மூணு. பொதி ஒண்டு முப்பதுக்கு மேல போகக்கூடா தம்பி. ஒன்ன நாலாப் பிரிச்சுத்தான் அனுப்பணும்.”

“நான் முழுசாத்தானே காக்கா வந்தனான்.”

“படகில வரக்கொள்ள எவ்வளவு இருந்த?”

“அம்பத்தெட்டு இருக்கும். கடைசி அஞ்சு நாளும் சாப்பாடு இல்லை. இறங்கேக்க இன்னும் குறைவு.”

அவர் மனக்கணக்குப் போட்டார். “அப்ப இந்த நாடு ஒனக்கு நாப்பத்தஞ்சு கிலோ குடுத்திரிக்கி. விசாதான் குடுக்கல்ல.”

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்று சொல்வார்கள். சரியாகச் சொன்னால் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. ஒரு நாள் போனபோது அதற்குக் கூரை இல்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு மில்டூராவில் திராட்சை வெட்டினேன், கிரிஃபித்தில் தோடம்பழம் பிடுங்கினேன், மெல்பேர்னில் டண்டினோங் பக்கம் கோழி வெட்டும் தொழிற்சாலையில் இரண்டு வருடம் நின்றேன். ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்று பிடிக்காமல் போய் அடுத்த இடத்துக்கு வெளிக்கிட்டேன். கடைசியில் சிட்னிக்கு வந்து, தயிரும் பாலும் வெண்ணெயும் அடுக்கி வைக்கும் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். ஏழு வருடம். நான் ஓரிடத்தில் இருந்ததில் அதுதான் நீளம். உடம்பு பெருத்ததும் அங்கேதான்.

இரவு இரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விடுவார்கள். அந்த நேரத்தில் பசிக்கிறதா என்று கேட்டால் வயிறு பதில் சொல்லாது. ஆனால் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளும். காலையில் வீட்டுக்கு வந்து சோறும் கறியும் சாப்பிட்டுப் படுப்பேன். பின்னேரம் நாலு மணிக்கு எழும்புவேன். எழும்பியதும் ஒரு சாப்பாடு. இப்படி ஏழு வருடம் தின்றால் எருமையும் பெருக்கும்.

ஒரு நாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, பகல் லொறி ஓட்டுகிறவர் அடுத்த மாத முடிவில் ஓய்வுபெறுகிறார், உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறதே, வருகிறாயா என்று கேட்டார். லொறி லைசென்ஸ் டண்டினோங்கில் இருந்தபோதே எடுத்தது. ஓட்டத்தான் லொறி கிடைக்கவில்லை. பகல் வேலை என்ற சொல் எனக்குக் காதில் தேன் விட்டது போல் இருந்தது. வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கம்பனிப் படிவத்தில், இவர் லொறி ஓட்டும் உடல்நிலையில் இருக்கிறார் என்று ஒரு டாக்டரின் கையெழுத்து. அந்த மாத முடிவுக்குள் அது இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

பரமட்டா ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் ஒரு டாக்டரிடம் போனேன். கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா, என் வயதுதான் இருக்கும். எடை பார்த்தார், வயிற்றைச் சுற்றி நாடா பிடித்தார், கழுத்தைச் சுற்றியும் பிடித்தார். தையற்காரனிடம் கூட நான் இவ்வளவு அளவு கொடுத்ததில்லை. பிறகு இரத்த அழுத்தம் பார்த்தார்.

“கோட்டுல நிக்குது. இப்பவே கையெழுத்துப் போட எனக்கு மனசு வரலை. மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?”

“இல்லை.”

“சரி. உப்பைக் குறைங்க, தினமும் நடங்க, எடை கொஞ்சம் இறங்கட்டும். நாலு வாரம் கழிச்சு வாங்க, பார்ப்போம்.”

நாலு வாரம் போனால் மாத முடிவுக்கு இரண்டு வாரம் மிஞ்சும்.

அப்போது நான் இருந்தது டூங்கபியில், எல்லாரும் அன்ரி என்று கூப்பிடும் ஒரு அம்மாவின் வீட்டுப் பின்வளவில் கட்டிய ஓர் அறை வீட்டில். அறையில் இரண்டு கட்டில். மற்றக் கட்டில்காரனுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. பகலில் அவன் போய்விடுவான், இரவில் நான் போய்விடுவேன். என்னோடு ஒரே படகில் வந்தவன். அன்ரி கோயிலில் முன்வரிசை. சில மாதங்களாக ஒரு மாத்திரைக் கம்பனியில் சேர்ந்து, மெலிவதற்கான குளிசைகளை அறிந்தவர் தெரிந்தவர் எல்லாருக்கும் விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய முன்னறையில் கதிரைகளை விடப் பெட்டிகள் அதிகம்.

டாக்டர் சொன்னதை நான் அறைத்தோழனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது உடுப்புக் காயப்போட வந்த அன்ரிக்குக் கேட்டுவிட்டது. உடனே உள்ளே போய் இரண்டு போத்தல்களோடு வந்தார். ஒன்றுக்கு மஞ்சள் மூடி, சூரியன் படம். மற்றதற்கு நீல மூடி, பிறை படம்.

“இது காலமை. கொழுப்பை எரிக்கும். இது இரவில. நித்திரையைத் தந்து, நித்திரைக்குள்ள கரைக்கும். இது மருந்தில்லைத் தம்பி, சாப்பாடு மாதிரி. எல்லாம் மரத்தில இருந்து வாறது.”

“அன்ரி, நான் காலமைதானே படுக்கிறனான். எப்ப எதை எடுக்கிறது?”

அறைத்தோழன் முந்திக்கொண்டான். “இவனுக்கு விடியிறது பின்னேரம் நாலு மணிக்கு அன்ரி. மஞ்சளை அப்ப எடுக்கட்டும்.”

“உனக்குப் பெயின்ற் அடிக்கத்தான் தெரியும்,” என்றார் அன்ரி. “நாள் எப்ப தொடங்குது? சூரியன் உதிக்கேக்க. விரதம் பிடிக்கிறதும் அப்பிடித்தான், திதி பாக்கிறதும் அப்பிடித்தான். அது ஊருக்கெல்லாம் விடியிற விடியல். இவனைக் கேட்டே சூரியன் உதிக்குது?”

“எந்தப் பஞ்சாங்கம் அன்ரி? வாக்கியமோ, திருக்கணிதமோ?”

“வாயைப் பொத்து.”

அன்ரியின் குசினிச் சுவரில் சிட்னி நேரத்துக்குக் கணித்து அச்சடித்த கோயில் நாட்காட்டி ஒன்று தொங்கியது. அதில் சூரிய உதயம் பார்த்து எனக்கு நேரம் குறித்துக் கொடுத்தார். வேலையிலிருந்து வந்து கால் கழுவியதும் மஞ்சள் மூடி. இரவு எட்டு மணிக்கு, வேலைக்கு வெளிக்கிட முன், நீல மூடி. அன்ரி சொன்னது எனக்குப் பிழையாகப் படவில்லை. நானும் நாள் சூரியனோடுதான் தொடங்குகிறது என்று வளர்ந்தவன். என் ஏழு வருட வாழ்க்கைதான் பிழை, நாள் பிழை இல்லை என்று நினைத்தேன்.

முதல் கிழமை, அந்த ஏழு நாளும், நல்ல உற்சாகமாக இருந்தது. காலை ஏழு மணிக்கு மஞ்சள் குளிசை போட்டுவிட்டுப் படுத்தால் கண் மூடாது. இதயம் அடிப்பது தலையணைக்குள் கேட்கும். கொழுப்பு எரிகிற சத்தம் அதுதான் என்று எண்ணிக்கொண்டு கிடப்பேன். பக்கத்து வளவில் புல் வெட்டுகிறவன், குப்பை லொறி, அன்ரியின் தொலைபேசிக் கதை எல்லாம் கேட்டு முடியப் பன்னிரண்டு மணி ஆகும். எழும்பி அறைக்குள் நடப்பேன். நடந்தால் பசிக்கும். பாண் ரொட்டியை வெட்டி வெண்ணெய் பூசுவேன். டாக்டர் நடக்கத்தானே சொன்னார்.

இரவில் கதை வேறு. நீல மூடிக் குளிசை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. குளிர் அறையில், தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, தயிர்ப் பெட்டி அடுக்கில் சாய்ந்தபடி நின்ற நிலையில் தூங்கினேன். குளிர்தான் எழுப்பிவிடும். ஒரு சூரியனும் ஒரு பிறையும் சேர்ந்து என்னை நாலு பக்கமும் இழுத்தன. அறைத்தோழன் என் கண்ணைப் பார்த்து, “மச்சான், நீ மெலியிறதுக்கு முதல் செத்துப்போவாய்,” என்றான். அன்ரியிடம் சொன்னேன். “உடம்பு பழகுதடா. அழுக்கு வெளியேறேக்க அப்பிடித்தான் இருக்கும்,” என்றார்.

மூன்றாம் கிழமை காக்காவின் தராசில் ஏறினேன். நூற்றி நாலு.

காக்கா கண்ணாடியை உயர்த்திவிட்டு இலக்கத்தை இரண்டு தடவை பார்த்தார். நான் மஞ்சள் மூடிப் போத்தலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் எழுத்தைப் படிக்கவில்லை. அதில் அச்சடித்திருந்த பழத்தின் படத்தைத்தான் உற்றுப் பார்த்தார். சின்னப் பூசணிக்காய் போல வரிவரியாக ஒரு மஞ்சள் பழம்.

“அட, இது கொறுக்காப்புளியடா தம்பி.”

“என்ன?”

அவர் மசாலாத் தட்டுக்குப் போய்க் கறுப்பாகச் சுருண்ட துண்டுகள் நிறைந்த பை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மீன்கறியில் புளிக்காகப் போடுவது, மலையாளத்தார் குடம்புளி என்பது. எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் பக்கம் பழப்புளி. அவர் பக்கம் இது.

“எங்கட ஊட்டில மீனாணத்துக்கு நாப்பது வருஷமா இதுதான். இதத் திண்டு மெலியிறண்டா இது எங்கால வந்த?” என்று தன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார்.

“இது சாறெடுத்துச் செய்ததாம் காக்கா. வேற சாமானும் கலந்திருக்காம்.”

“என்ன சாமான்?”

போத்தலின் பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு முழப் பட்டியல் இருந்தது. காக்காவின் மகள் காசு வாங்கும் இடத்தில் நின்றவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், வாங்கிப் பார்த்துவிட்டு “இதில நிறையக் கோப்பியும் தேயிலையும் இருக்கு அங்கிள்,” என்றாள். கோப்பி, தேயிலை, கொறுக்காப்புளி. மூன்றும் எங்கள் நாட்டிலேயே விளைகிறவை. அவற்றைக் குடித்து, தின்று முடிக்காமல் நான் கடல் கடந்து வந்ததுதான் மிச்சம்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் டாக்டரிடம் போக ஒரு கிழமைதான் இருந்தது, எடை ஒரு கிலோ கூடியிருந்தது, என்னிடம் வேறு வழி எதுவும் இல்லை. பாதி வழியில் விட்டால் விட்டதற்காகவே கையெழுத்துப் போய்விடும் என்று பயந்தேன். தொடர்ந்து எடுத்தேன்.

டாக்டரிடம் போகிற நாள் அறைத்தோழன் வேலைக்குப் போகாமல் நின்று என்னைத் தயார்படுத்தினான். படகில் வந்த எங்கள் எல்லாருக்கும் ஒரு பாடம் தெரியும். குடிவரவு அதிகாரி முன் இருக்கும்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். முக்கியமாக, முதல் தடவை சொன்னதையே கடைசி வரைக்கும் சொல்ல வேண்டும். நான் முதல் விசாரணையில், ஊரில் என்னைப் பிடித்துக்கொண்டு போனது மாசி மாதம் என்றும் இரண்டாம் விசாரணையில் பங்குனி என்றும் சொல்லிவிட்டேன். அந்த ஒரு மாதத்தைப் பற்றி அவர்கள் தீர்ப்பில் ஒரு பந்தியே எழுதி, என்னை நம்பவில்லை என்றார்கள்.

“போன முறை மாத்திரை எடுக்கிறியோ எண்டு கேட்டவவோ?”

“ஓம்.”

“என்ன சொன்னனி?”

“இல்லையெண்டு.”

“அப்ப இண்டைக்கும் இல்லைதான். கதையை மாத்தாத.”

டாக்டர் கருவியின் பட்டியை என் கையில் சுற்றினார். காற்று ஏறி இறங்கியது. இலக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டாம் தடவை சுற்றினார். பிறகு மற்றக் கைக்கு மாற்றினார்.

“நல்லா ஏறியிருக்கே. நாடித் துடிப்பும் வேகமா இருக்கு. மாத்திரை, மருந்து ஏதாவது?”

“இல்லை.”

“நாட்டு மருந்து? கடையில வாங்கின சத்து மாத்திரை?”

“இல்லை.”

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். “அப்போ காரணம் தெரியாம நான் போட முடியாது. இதய நிபுணர்கிட்ட அனுப்பணும். கிடைக்க மூணு மாசம் ஆகலாம். அதுவரைக்கும் தகுதி இல்லைன்னு டிக் பண்றேன்.”

பேனா பெட்டிக்கு மேல் நின்றது. பதினாலு நாளில் பகல் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். நான் இன்னும் ஏழு வருடம் தயிர் அடுக்குவேன். வாயைத் திறந்தேன். பத்து வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்து, ஒரு மேசைக்கு முன்னால் இருந்து நான் கதையை மாற்றியது அன்றுதான் இரண்டாம் தடவை. முதல் தடவை மறதியால்.

“எடுக்கிறனான். ரெண்டு விதம்.” சட்டைப் பையிலிருந்து இரண்டு போத்தலையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

போன முறை இல்லை என்றீர்களே, இப்போதும் இல்லை என்றீர்களே என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பின்பக்கத்து எழுத்தைப் படித்துவிட்டு, “எப்போ எடுக்கிறீங்க?” என்றார்.

“மஞ்சள் காலமை ஏழுக்கு. நீலம் இரவு எட்டுக்கு.”

“நீங்க நைட் ஷிஃப்ட்தானே?”

“ஓம்.”

“அப்போ தூங்கப் போறதுக்கு முன்னாடி நாலு காபி. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தூக்க மாத்திரை.” அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். “யாரு இப்படி எடுக்கச் சொன்னது?”

“வீட்டுக்கார அன்ரி. நாள் சூரியனோட தொடங்குதாம்.”

“பாதி சரி. மூளையில ஒரு கடிகாரம் இருக்கு, அது வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடும். ஆனா ஈரல், குடல், கொழுப்பு, அதுகளுக்கும் தனித்தனியா கடிகாரம் இருக்கு. நீங்க எப்போ சாப்பிடுறீங்களோ அதைப் பார்த்து ஓடும். நைட் ஷிஃப்ட்காரங்களுக்கு ரெண்டும் ஏற்கனவே சண்டை. நீங்க போய் ரெண்டு பேர் கையிலயும் கத்தி கொடுத்திருக்கீங்க.”

“எடை குறையுமெண்டு சொன்னவ.”

“இந்த மாதிரி மாத்திரையால பெருசா குறையும்னு நம்புற அளவுக்கு ஆதாரம் இல்லீங்க. தூக்கம் கெட்டா எடை ஏறும், அதுக்கு இருக்கு. இதுல இருக்கிற புளிச்சாறு சிலருக்கு ஈரலைக் கெடுத்திருக்கு. ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம். ரெண்டையும் இன்னையோட நிறுத்துங்க. இரவு ரெண்டு மணிச் சாப்பாட்டையும் பாதியாக் குறைங்க. பதிமூணாம் நாள் வாங்க.”

படிவத்தில் எந்தப் பெட்டியிலும் அவர் அடையாளம் இடவில்லை. அப்படியே மடித்து ஓர் உறையில் வைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து படுத்தவன் அடுத்த நாள் காலைதான் எழும்பினேன். வேலைக்குச் சுகமில்லை என்று அறைத்தோழன் சொல்லியிருக்கிறான். பிறகு இரண்டு கிழமையும் டாக்டர் சொன்னபடி செய்தேன். அதாவது, ஒன்றும் செய்யவில்லை. யன்னலுக்குக் கறுப்புப் பையை ஒட்டிவிட்டுத் தூங்கினேன். பதிமூன்றாம் நாள் ஈரல் பழுதில்லை என்றார். கையில் பட்டியைச் சுற்றினார், இரண்டாம் தடவை சுற்றவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். எனக்கு நிபந்தனை பழக்கம். என் கையில் இருந்த தற்காலிக விசாவும் அப்படித்தான்.

பகல் லொறி காலை ஐந்தரைக்கு வெளிக்கிடும். மதியம் கோயில் கடையில் சாப்பாடு, இரவு ஒன்பதுக்கு நித்திரை. மூன்று மாதத்தில் எடை தொண்ணூற்றாறுக்கு வந்தது. நான் ஒன்றும் எரிக்கவில்லை. இருட்டில் தின்பது நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இதை அன்ரி கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தன் முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டி வைத்து, பின்வளவுக்கு வந்து, “தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போ,” என்றார். போனேன். எல்லாரும் கதிரைகளில். நடு மேசையில் மஞ்சள் மூடியும் நீல மூடியும் கோபுரம் போல அடுக்கியிருந்தன.

“இவரைத் தெரியும்தானே? நூத்தி நாலு கிலோ இருந்தவர். டாக்குத்தர் லொறி ஓடவே விடமாட்டன் எண்டவ. எங்கட குளிசை எடுத்தாப்பிறகுதான் கையெழுத்து வைச்சவ. ஓமோ இல்லையோ தம்பி?”

சொல்லப்போனால் அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நான் ஓம் என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி வயிற்றைப் பார்த்தார்கள்.

கடைசிக் கதிரையில் ஒரு பெண், வயோதிபர் இல்லத்துச் சீருடையோடு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே எனக்கு இருந்த அதே கறுப்பு. “அண்ணை, எனக்கு முழுக்க நைற் டியூட்டி. நான் எப்ப மஞ்சளை எடுக்கிறது?”

“சூரியன் உதிக்கேக்க,” என்றார் அன்ரி.

அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு போத்தலும் அவள் மடியில் இருந்தன.

“தங்கச்சி,” என்றேன், “நான் அப்பிடித்தான் எடுத்தனான். நித்திரை போச்சு, பிரஷர் ஏறிச்சு, ஒரு கிலோ கூடினது. டாக்குத்தர் ரெண்டையும் நிப்பாட்டச் சொன்னவ. நிப்பாட்டின பிறகுதான் கையெழுத்து வைச்சவ.”

எல்லாரும் அன்ரியைப் பார்த்தார்கள். பிறகு அன்ரி கையைத் தட்டினார். “பாத்தியளே! நிப்பாட்டினாப்பிறகும் உள்ளுக்க நிண்டு வேலை செய்திருக்கு!” ஆட்கள் தலையாட்டினார்கள். அன்று முன்னறையில் வழக்கத்தை விடக் கூடுதலாக விற்றது என்று பிறகு கேள்விப்பட்டேன். உண்மையும் சொல்லி விற்கிறார்கள் என்று நம்பிக்கை வந்துவிட்டதாம். அந்தப் பிள்ளை மட்டும் இரண்டு போத்தலையும் மேசையில் வைத்துவிட்டு, வாசலில் என்னைப் பிடித்து டாக்டரின் விலாசம் கேட்டாள். ஸ்டேஷனுக்குப் பின்தெரு, பழக்கடைக்கு மேல்மாடி என்றேன்.

அடுத்த கிழமை அன்ரி வந்து, பின்வீட்டைத் திருத்த வேண்டியிருக்கிறது, வேறு இடம் பார் தம்பி என்று அன்பாகச் சொன்னார். திருத்த வேண்டியது என் கட்டில் கிடந்த பாதியை மட்டும்தான் போலிருக்கிறது. அறைத்தோழன் இன்றைக்கும் மற்றப் பாதியில்தான் இருக்கிறான். ஞாயிறு காலை அவனே தன் காரில் என் சாமான்களை ஏற்றினான். பதினைந்து தொன் லொறி ஓட்டத் தகுதியானவன் என்று டாக்டரின் கையெழுத்தோடு என் பையில் ஒரு கடிதம் இருந்தது. சாமான்கள் காரின் பின் இருக்கையில் அடங்கிவிட்டன.